புத்தாண்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு காலிமுகத்திடல்: வெள்ளவத்தைக் குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

## பதிவு பற்றி

2022 சித்திரைப் புத்தாண்டுக்கு வெள்ளவத்தையில் ஒரே வீட்டில் கூடிய ஒரு குடும்பத்தில் சிலர், மதியச் சாப்பாடு முடிந்த கையோடு, கொழும்புக் கடற்கரையில் உள்ள காலிமுகத்திடலில் ஜனாதிபதி பதவி விலக வேண்டும் என்று நடந்த போராட்டத்துக்குப் போய் வந்தார்கள். போவதா வேண்டாமா என்ற வாக்குவாதம், போனவர்கள் கண்டது, வீட்டில் இருந்தவர்கள் பட்டது, பிறகு நடந்தவை எல்லாம் இதில் இருக்கின்றன. நான் உளவளத்துணை வேலை செய்கிறேன். இந்தக் குடும்பத்தோடு நெடுநாள் பழக்கம். ஆட்களோடு தனித்தனியே பேசித்தான் எழுதியிருக்கிறேன், ஏனென்றால் ஒன்றாக இருத்திக் கேட்டால் ஒருவர் கதையை மற்றவர் திருத்துவார். அவர்களுடைய சம்மதத்தோடு, அடையாளம் தெரியக்கூடிய சில விபரங்களை நீக்கியிருக்கிறேன்.

## நாடு இருந்த நிலை

மார்ச் மாத முடிவில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணி நேரம் வரை போனது. காஸுக்கும் பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசை. மார்ச் 31 இரவு மிரிஹானையில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷவின் வீட்டருகே மக்கள் திரண்டார்கள். மறுநாள் அவசரகாலச் சட்டம். ஏப்ரல் 2 மாலை 6 மணி முதல் 4ஆம் திகதி காலை 6 மணி வரை ஊரடங்கு. இடையில் 3ஆம் திகதி சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. அன்றிரவு அமைச்சர்கள் கூட்டாகப் பதவி விலகினார்கள். 9ஆம் திகதி சனிக்கிழமை காலிமுகத்திடலுக்கு வந்தவர்கள் திரும்பிப் போகாமல் கூடாரம் போட்டு, இடத்துக்கு ‘கோட்டா கோ கம’ (‘கோட்டா போ’ கிராமம்) என்று பெயரும் வைத்துவிட்டார்கள். 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. புத்தாண்டு 14ஆம் திகதி, வியாழக்கிழமை.

## குடும்பம்

வீட்டில் மூத்தவருக்கு வயது 76. பேரப்பிள்ளைகளைப் பார்த்து எல்லோருமே அவரை அம்மம்மா என்றுதான் அழைப்பார்கள், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். 1983 ஜூலையில் தமிழருக்கு எதிரான கலவரத்தில் வெள்ளவத்தை வாடகை வீட்டை விட்டு ஓடி, இரத்மலானை விமான நிலைய முகாமில் இருந்து, அங்கிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனவர். 90களின் நடுவில் திரும்பக் கொழும்புக்கு வந்தார். இப்போது மூத்த மகளோடு தொடர்மாடி வீட்டில் இருக்கிறார். மகளுக்கும் மருமகனுக்கும் கணக்கு சம்பந்தப்பட்ட வேலைகள். அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள்: பல்கலைக்கழகத்தில் படிக்கும் 21 வயதுப் பேத்தி, 12 வயதுப் பேரன்.

வவுனியாவிலிருந்து இளைய மகன், மனைவி, ஐந்து வயது மகன் ஆகியோர் 12ஆம் திகதியே ரயிலில் வந்து சேர்ந்தார்கள். இளைய மகனின் மனைவியை இனி மாமி என்கிறேன். பேத்தி அப்படித்தான் அழைப்பாள். மாமியின் அண்ணன் 2009இல் காணாமல் ஆக்கப்பட்டவர். வவுனியாவில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 24 முதல் வீதியோரத்தில் நடத்திவரும் தொடர் போராட்டத்தில் மாமியின் தாய் இருந்து வருகிறார்.

இளைய மகனுக்கும் ஒரு கதை உண்டு. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டுத் தடை விதித்தது. அதற்குள் 376 பேர் வெளியேற்றப்பட்டிருந்தார்கள். அவர்களில் இளைய மகனின் நண்பன் ஒருவனும் இருந்தான். அப்போது பாதுகாப்புச் செயலாளராக இருந்தவர்தான் 2022இல் ‘வீட்டுக்குப் போ’ என்று எல்லோரும் கத்திக்கொண்டிருந்த ஜனாதிபதி. அவர் போக வேண்டும் என்பதில் அந்த வீட்டில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரச்சினை வேறு இடத்தில் இருந்தது.

## 12, 13: வாக்குவாதம்

பேத்தி 9ஆம் திகதியே நண்பர்களோடு திடலுக்குப் போய் வந்திருந்தாள். வீட்டில் தாய்க்கு மட்டும்தான் தெரியும். 12ஆம் திகதி இரவுச் சாப்பாட்டில் அவளே அதைச் சொல்லி, புத்தாண்டு அன்றைக்கு எல்லோருமாகப் போவோம் என்று கேட்டாள். நண்பர்கள் பலர் குடும்பத்தோடு வருகிறார்களாம், திடலிலேயே புத்தாண்டுச் சடங்குகள் நடக்கப் போகின்றனவாம்.

அம்மம்மா உடனே மறுத்தார். “சனம் கூடுற இடத்துக்கு எங்கட ஆக்கள் போகக்கூடாது. பிரச்சினை வந்தால் முதல்ல பேர்தான் கேப்பினம்” என்றார். பேத்தி “உங்கட காலம் வேற அம்மம்மா” என்றாள். அந்த வார்த்தை அம்மம்மாவைக் குத்தியிருக்கிறது. அதற்குப் பிறகு அன்றிரவு அவர் வாயே திறக்கவில்லை.

மாமியின் மறுப்பு வேறு. “அஞ்சு வருஷமா அம்மா ரோட்டில இருக்கிறா. இங்க இருந்து யார் வந்தவை? இப்ப காஸ் இல்லையெண்டவுடன எல்லாருக்கும் கோபம் வருது” என்றார். இதற்குப் பேத்தியிடம் பதில் இல்லை. அதைத்தான் அங்கே போய்ச் சொல்ல வேண்டும் என்றாள். தான் சொன்னது தனக்கே போதவில்லை என்று பிறகு என்னிடம் ஒப்புக்கொண்டாள்.

மூத்த மகள் இந்த வாக்குவாதத்தில் அதிகம் பேசவில்லை. அவருக்கு ஒரே கவலை: 2020 சித்திரைப் புத்தாண்டு ஊரடங்கில் போனது, அதற்குப் பிறகும் கொரோனாப் பயத்தில் கூட முடியவில்லை, இந்த முறையாவது எல்லோரும் ஒரு வாழையிலையில் சாப்பிட்டு எழும்ப வேண்டும்.

இரண்டு நாளும் நடந்ததை ஒரே விவாதம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மம்மா உயிரைப் பற்றிப் பேசினார், மாமி நியாயத்தைப் பற்றி, பேத்தி தன் தலைமுறையோடு சேர்ந்து நிற்பதைப் பற்றி, மூத்த மகள் சாப்பாட்டைப் பற்றி. ஒருவர் கேள்விக்கு இன்னொருவர் பதில் சொல்லிக்கொண்டிருந்ததால்தான் அது முடியாமல் நீண்டது.

## எடுத்த முடிவும் காரணங்களும்

13ஆம் திகதி மாலை மருமகன் பேச்சை வேறு பக்கம் திருப்பினார். எல்லோரும் போவதா என்பதை விட்டுவிட்டு, யார் போக விரும்புகிறார்கள், அவர்கள் எப்படிப் போய் வரலாம் என்று கேட்டார். மருமகன், பேத்தி, பேரன், இளைய மகன் ஆகியோர் போவது என்றானது. ஐந்து வயதுக்காரன் வேண்டாம். கூட்டத்தில் கை நழுவினால் தேட முடியாது, வெயிலும் தாங்காது. பேரனைக் கூட்டிப் போவதற்கு அம்மம்மா சம்மதிக்கவில்லை. தகப்பன் கையை விடக்கூடாது என்ற நிபந்தனையோடு தாய் சம்மதித்தார்.

சாப்பாடு முதலில், பயணம் பிறகு என்பது இரண்டாவது முடிவு. காலையில் திடலில் நடக்கும் சடங்குகளைப் பார்க்க வேண்டும் என்று பேத்திக்கு ஆசை. ஆனால் வருடப்பிறப்பு நேரத்தில் வீட்டை விட்டுப் போனால் கூடிய காரணமே கெட்டுவிடும் என்று மருமகன் சொன்னதை அவள் ஏற்றுக்கொண்டாள்.

மற்றவை நடைமுறை. அடையாள அட்டை எல்லோரிடமும் இருக்க வேண்டும். பதாகை கொண்டு போவதில்லை. படம் எடுக்கலாம், அன்று இரவே போடுவதில்லை. அவசரகாலச் சட்டம் 5ஆம் திகதியே நீக்கப்பட்டிருந்தாலும் பயங்கரவாதத் தடைச்சட்டம் இருந்துகொண்டுதான் இருந்தது, அதன் நினைவு இந்த வீட்டில் யாருக்கும் புதிதல்ல. திடலின் தெற்குப் பக்கம், பழைய காலிமுக ஹோட்டல் இருக்கும் முனையில் நிற்பது. பொலிஸ் தடுப்புகள் இருக்கும் ஜனாதிபதி செயலகப் பக்கம் போவதில்லை. ஏதாவது என்றால் கொள்ளுப்பிட்டிப் பக்கமாகக் காலி வீதியால் நடந்து வெளியேறலாம் என்பது காரணம். நான்கு மணிக்குப் புறப்பட்டு ஏழரைக்கு வீட்டில் இருப்பதாக அம்மம்மாவிடம் சொன்னார்கள். அந்த ஏழரை எப்படி வந்தது என்று விசாரித்தேன். யாரும் கணக்குப் போடவில்லை. அம்மம்மா எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்க, மருமகன் வாயில் வந்தது அது.

## அன்று

வருடப்பிறப்பு காலையில். வாக்கிய பஞ்சாங்க நேரமா திருக்கணித நேரமா என்ற வழக்கமான இழுபறி இம்முறை நடக்கவில்லை. சண்டைக்கு வேறு விடயம் இருந்தது. கோவிலிலிருந்து வந்த மருத்துநீரை (மூலிகை நீர்) அம்மம்மா ஒவ்வொருவர் தலையிலும் வைத்தார். காஸ் சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று தெரியாததால் பொங்கலை ரைஸ் குக்கரில் வைத்தார்கள். மாமிக்கு அது பிடிக்கவில்லை. ‘பால் பொங்கிச் சரியிறதைப் பார்க்காமல் என்ன பொங்கல்’ என்று சொல்லிவிட்டு, அவரே முந்திரிகையை வறுத்துப் போட்டார். கைவிசேஷம் (புத்தாண்டுப் பணம்) கொடுக்கும்போது அம்மம்மா பேத்திக்கும் கொடுத்தார், முகத்தைப் பார்க்கவில்லை. சாப்பாட்டில் எல்லோரும் இருந்தார்கள். மூத்த மகள் எதிர்பார்த்தது அந்த அளவில் நடந்தது.

நான்கு மணிக்கு நால்வரும் வாசலுக்கு வந்தபோது மாமியும் கைப்பையோடு வந்து நின்றார். ஏன் மனம் மாறினார் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எனக்கு மட்டும், “போகாமல் இருந்து பேசினால் அது வெறும் பேச்சு” என்றார். கட்டியிருந்த புத்தாண்டுச் சேலையோடே போனார்.

போகும்போது ஆட்டோக்கள் இரண்டு கிடைத்தன. வெள்ளவத்தையிலிருந்து திடல் ஏறத்தாழ 6 கிலோமீற்றர். புத்தாண்டு அன்று காலி வீதி வெறிச்சோடிக் கிடக்க, கொள்ளுப்பிட்டியைத் தாண்டியதும்தான் ஆட்களும் தேசியக் கொடிகளும் தெரிந்திருக்கின்றன.

திடலைப் பற்றி ஐந்து பேரும் சொன்னது கிட்டத்தட்ட ஒன்றுதான். பாற்சோறும் கொக்கிஸும் கொண்டுவந்து முன்பின் தெரியாதவர்களுக்குக் கொடுத்தார்கள். கூடாரங்களில் இலவசமாகத் தண்ணீரும் சாப்பாடும். நூலகம் ஒன்றும் வைத்திருந்தார்கள். நோன்பு மாதம் என்பதால் பொழுது சாய்ந்ததும் முஸ்லிம்கள் நோன்பு திறந்தார்கள், பக்கத்தில் நின்ற எல்லோருக்கும் பேரீச்சம்பழம் வந்தது. பேரனுக்கு மிகவும் பிடித்தது பேரீச்சம்பழம்தான். அந்த நாட்களில் தேசிய கீதம் தமிழிலும் திடலில் பாடப்பட்டது. 2020 சுதந்திர தின விழாவில் தமிழில் பாடுவதை நிறுத்தியது இதே ஆட்சிதான் என்பதை மருமகன் மறக்காமல் சொன்னார்.

ஐந்தரை மணி போல மாமி கைப்பையிலிருந்து அண்ணனின் படத்தை எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். யாரிடமும் சொல்லிவிட்டுச் செய்யவில்லை. இளைஞர்கள் சிலர் வந்து என்ன என்று சிங்களத்தில் விசாரித்தார்கள், பேத்தி விளக்கினாள். ஒரு பெண் கேட்டுவிட்டு மாமியின் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டாள். நடுத்தர வயது ஆள் ஒருவர் மட்டும், இன்றைக்கு ஒரே கோரிக்கைதான், யுத்தக் கதையை இங்கே கொண்டுவந்தால் போராட்டம் உடைந்துவிடும் என்றார். குரல் உயர்த்தவில்லை, புத்தி சொல்வது போலத்தான் சொன்னார். பேத்தி கொதித்துப்போய் அவரோடு வாதிட்டாள். கூட்டம் திரும்பிப் பார்க்கத் தொடங்கியதும் மருமகன் மகளைக் கையில் பிடித்து இழுத்தார். இளைய மகன் மனைவிக்கு முன்னால் போய் நின்றார். மாமி படத்தை உள்ளே வைக்கவில்லை. சில நிமிடங்களில் அந்த ஆள் போய்விட்டார். வேறு எதுவும் நடக்கவில்லை.

போலிஸ், கூட்டம், கண்ணீர்ப்புகை என்று எல்லாவற்றுக்கும் யோசித்து வைத்திருந்தவர்கள், கூட நிற்கும் போராட்டக்காரரே வாயை மூடச் சொன்னால் என்ன செய்வது என்று யோசிக்கவில்லை. என் பார்வையில் அன்றைய நாளின் மிக முக்கியமான சம்பவம் இதுதான். பேத்திக்கு அது பெரிய அடி. தன் நண்பர்களின் திடல் அன்றைக்கு அவளுக்கு வேறு மாதிரித் தெரிந்திருக்கிறது. மாமி அதிர்ச்சி அடையவே இல்லை. பக்கத்தில் வந்து நின்ற பெண்ணைத்தான் அவர் எதிர்பார்த்திருக்கவில்லை.

## வீட்டில்

அதே நேரம் வீட்டில் நடந்ததைப் போனவர்கள் அறியவில்லை. கூட்டம் கூடக்கூடத் திடலில் தொலைபேசி இணைப்பு வேலை செய்யாமல் போனது. அம்மம்மா ஆறு மணிக்கு மருமகனுக்கு எடுத்தார், கிடைக்கவில்லை. பேத்திக்கு எடுத்தார். மகனுக்கு எடுத்தார். இதற்கிடையில் உறவினர் வாட்ஸ்அப் குழு ஒன்றில் இராணுவம் இறங்கிவிட்டதாக ஒரு குரல் பதிவு வந்தது. பொய்த் தகவல். ஆனால் அதை அம்மம்மா கேட்கும்படி சத்தமாகப் போட்டுவிட்டார் மூத்த மகள்.

ஏழரை ஆனது. ஆட்கள் இல்லை. அம்மம்மா எழும்பி அறைக்குப் போய் அலுமாரியைத் திறந்து, பிறப்புச் சான்றிதழ்கள், வீட்டு உறுதி, வங்கிப் புத்தகங்கள், நகை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கட்டிலில் வைத்தார். பதற்றமோ அழுகையோ இல்லை, ஏதோ தினமும் செய்கிற வேலை போலச் செய்தார் என்று மூத்த மகள் சொன்னார். சின்னவனுக்குச் செருப்பும் மாட்டிவிட்டார்.

போனவர்கள் ஏழு மணிக்கு முன்பே புறப்பட்டிருந்தார்கள். புத்தாண்டு அன்று சாரதி நடத்துனர் எல்லோரும் ஊருக்குப் போய்விடுவதால் பஸ் அருமை; பெற்றோல் இல்லாமல் ஆட்டோக்களும் அருமை. பம்பலப்பிட்டி வரை நடந்துதான் ஒரு ஆட்டோவில் பாதிப் பேரும் இன்னொன்றில் மீதிப் பேரும் ஏறினார்கள். வழியில் இணைப்பு வந்ததும் மருமகன் அழைத்தார்; அப்போது எட்டு மணி. எட்டேகாலுக்கு வீட்டில்.

அம்மம்மா திட்டவில்லை. கட்டிலில் இருந்த பையைப் பேத்தி பார்த்துவிட்டாள். அது எதற்கு என்று கேட்கத் தேவை இருக்கவில்லை. அம்மம்மா சாப்பிடாமல் படுத்தார், அடுத்த நாளும் சரியாகப் பேசவில்லை. மாலையில் இரத்த அழுத்தம் கூடியிருந்ததால் பக்கத்து டொக்டரிடம் கூட்டிப்போனார்கள், மருந்தோடு இறங்கியது. அவரோடு தனியே பேசியபோது அவர் சொன்னது எனக்கு எதிர்பாராதது. போனதில் அவருக்கு இப்போது கோபம் இல்லை. “ஏழரை எண்டு சொன்னவை. எண்பத்திமூண்டில பிள்ளையளின்ர ஐயாவும் அஞ்சு மணிக்கு வாறன் எண்டுதான் கடைக்குப் போனவர். அவர் வந்தது மூண்டு நாள் கழிச்சு, முகாமுக்கு.”

இந்தச் செய்தி மூத்த மகளுக்கே புதிது.

## பின்னர் நடந்தவை

ஏப்ரல் 19ஆம் திகதி ரம்புக்கனையில் எரிபொருள் விலைக்கு எதிராகத் திரண்டவர்கள் மீது பொலிஸார் சுட்டதில் ஒருவர் இறந்தார். அம்மம்மா எதுவும் சொல்லவில்லை, தொலைக்காட்சியின் ஒலியை மட்டும் கூட்டினார். பேத்தி தொடர்ந்து திடலுக்குப் போனாள். ஆனால் ‘ஒன்பது மணிக்கு வருவேன், பத்து வரை யோசிக்க வேண்டாம், பத்துக்கும் வராவிட்டால் பம்பலப்பிட்டி மாமா வீட்டுக்கு எடுங்கள்’ என்று அம்மம்மாவிடம் நேரில் சொல்லிவிட்டுப் போனாள். பெரும்பாலும் எட்டரைக்கே வந்துவிட்டாள்.

மே 9ஆம் திகதி பகலில் பிரதமரின் இல்லமான அலரி மாளிகையிலிருந்து வந்த ஆளும் தரப்பு ஆதரவாளர்கள் திடலைத் தாக்கினார்கள். பேத்தி அப்போது திடலுக்குப் போகும் வழியில் பம்பலப்பிட்டியில் இருந்தாள், செய்தி கேட்டு அங்கேயே நின்றுவிட்டாள். ஊரடங்கு வந்ததால் இரவு உறவினர் வீட்டிலேயே தங்கினாள். அம்மம்மாவுக்கு அரை மணி நேரத்துக்குள் செய்தி போய்ச் சேர்ந்தது. பை வெளியே வரவில்லை.

மே 18ஆம் திகதி, 2009இல் யுத்தத்தின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களைத் திடலில் நினைவுகூர்ந்தார்கள், கஞ்சியும் கொடுத்தார்கள். பேத்தி அந்தப் படத்தை வவுனியாவுக்கு அனுப்பினாள். மாமி ‘சரி’ என்று ஒரு வார்த்தை பதில் போட்டார். அது திருப்தியா, ‘இவ்வளவுதானா’ என்பதா என்று பேத்திக்கு இன்னும் சந்தேகம். நான் மாமியிடம் கேட்டேன், சிரித்தார்.

ஜூலை 9ஆம் திகதி இலட்சக்கணக்கில் ஆட்கள் கொழும்புக்கு வந்த நாளில் மருமகன் மட்டும் போனார். பேரன் கேட்டான், கூட்டிப்போகவில்லை. ஜூலை 13 அதிகாலை கோட்டாபய நாட்டை விட்டுப் போனார், மறுநாள் சிங்கப்பூரிலிருந்து பதவி விலகல் கடிதம் வந்தது.

## மாற்ற வேண்டியவை

திரும்பி வரும் நேரத்தைக் கேள்விக்குப் பதிலாக அவசரத்தில் சொல்லக்கூடாது. வாகனம் கிடைக்காது என்று வைத்து, நடந்து வரும் நேரத்தையும் கூட்டி, அதற்கு மேல் ஒரு மணி நேரம் விட்டுச் சொல்ல வேண்டும். இந்தக் குடும்பம் தொலைபேசியை நம்பியிருந்தது. பெருங்கூட்டத்தில் முதலில் போவது அதுதான். பாதி வழியில் ஒரு வீட்டைச் செய்தி நிலையமாக வைத்திருந்தால், அன்று ஒருவர் முன்னால் நடந்துவந்து பம்பலப்பிட்டியிலிருந்து வீட்டுக்குச் சொல்லியிருக்கலாம். பேத்தி பிறகு செய்தது இதைத்தான்.

வீட்டில் இருக்கப் போகிறவரிடம் ‘எத்தனை மணிக்குப் பயப்படத் தொடங்குவீர்கள்’ என்று முன்கூட்டியே கேட்பது நல்லது. வேடிக்கையான கேள்வி போலத் தோன்றும், ஆனால் 1983ஐயோ 2009ஐயோ பார்த்தவர்களிடம் அதற்குத் திட்டமான பதில் இருக்கும். அந்தப் பதிலைச் சுற்றித்தான் மற்ற நேரங்களை வைக்க வேண்டும். கையில் வந்த குரல் பதிவை வயதானவர் முன்னால் போட்டுக் காட்டுவது பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

படத்தை எடுப்பதா இல்லையா என்பதை மாமி தனியே முடிவெடுத்தது சரிதான், அதற்கு யாரிடமும் அனுமதி தேவையில்லை. ஆனால் கூடப் போனவர்கள் தங்கள் பங்கைப் பேசி வைத்திருக்கலாம்: யார் பதில் சொல்வது, யார் பையனோடு ஒதுங்குவது, எந்தக் கட்டத்தில் எல்லோரும் நகர்வது. அன்று பேரன் தகப்பன் கையை விட்டது அந்தச் சில நிமிடங்களில்தான். மகளை இழுக்க அவருக்கு அந்தக் கை தேவைப்பட்டது.

பண்டிகை நாளில் போயிருக்கவே கூடாது, 15ஆம் திகதி போயிருக்கலாம் என்று இளைய மகன் நினைக்கிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை. புத்தாண்டு என்பதால்தான் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தார்கள், அதனால்தான் வாக்குவாதமே நடந்தது. 15ஆம் திகதி என்றால் பேத்தி மட்டும் நண்பர்களோடு போயிருப்பாள், மாமி வவுனியாவுக்கு ரயில் ஏறியிருப்பார்.

இன்னொன்று, எல்லோருடைய கதையையும் கேட்டு முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. மூத்த மகளுக்குத் திடலுக்குப் போக விருப்பமா என்று 12, 13 இரண்டு நாளிலும் யாரும் கேட்கவில்லை. அம்மாவையும் சின்னவனையும் பார்க்க ஒருவர் வேண்டும், அது அவர்தான் என்று பேசாமலே முடிவாகிவிட்டது. நான் கேட்டபோது, போக விருப்பம் இருந்தது என்றார். 2023 சித்திரைப் புத்தாண்டுக்குச் சமையலை மருமகனும் பேத்தியும் பொறுப்பெடுத்தார்கள். போவதற்கு அந்த வருடம் திடலில் எதுவும் இருக்கவில்லை. மூத்த மகள் மத்தியானம் வரை நித்திரை கொண்டார்.